பாஸ்டனில் ஸ்ட்ரைப்பர் பிடிக்கப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும்

2018 முதல் 2025 வரை, கொரோனா ஆண்டை விட்டுவிட்டால், ஏழு கோடைகள். அவற்றில் பதினொரு முறை பாஸ்டன் துறைமுகத்திலும் அதன் சுற்றுக் கரையோரத்திலும் சார்ட்டர் படகு, அதாவது கேப்டனோடு சேர்த்து வாடகைக்குக் கிடைக்கும் படகு எடுத்து, ஸ்ட்ரைப்ட் பாஸ் என்னும் மீனைப் பிடிக்கப் போயிருக்கிறேன். நான்கு கேப்டன்களுடன் போனேன். வீட்டுக்குக் கொண்டுவந்த மீன்கள் ஒன்பது. ஆன செலவை ஒன்பதால் வகுத்துப் பார்க்க வேண்டாம் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ட்ரைப்ட் பாஸ், இங்குள்ளவர்கள் வாயில் ஸ்ட்ரைப்பர். வெள்ளி உடம்பில் செவுளிலிருந்து வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் ஓடும். வசந்த காலத்தில் செசபீக் விரிகுடாவிலும் ஹட்சன், டெலவேர் ஆறுகளிலும் முட்டையிட்டுவிட்டு, கோடைக்கு வடக்கே எங்கள் பக்கம் இரை தேடி வருகிறது. மே மாதக் கடைசியில் வந்து சேரும், அக்டோபரில் திரும்பிவிடும். ஆழ்கடலுக்குப் போக வேண்டியதில்லை. பாறை, ஆற்று முகத்துவாரம், தீவுகளுக்கு இடையிலுள்ள குறுகலான நீரோட்டம், இவைதான் அதன் இடம். கரையைப் பார்த்துக்கொண்டே பெரிய மீன் பிடிக்கலாம் என்பதுதான் என்னைப் போன்ற கம்ப்யூட்டர்காரர்களை இதில் இழுக்கிறது.

முதல் பயணம் படுதோல்வி. 2018 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை, காலை பதினொரு மணிக்குப் புறப்பாடு. அலுவலக நண்பர்கள் நான்கு பேருக்கும் வசதியான நேரம் என்று நாங்களே கேட்டு வாங்கிய நேரம் அது. கேப்டன் மறுக்கவில்லை, மறுத்திருக்க வேண்டும். உச்சி வெயிலில் நான்கு மணி நேரம் படகின் பின்னால் இரப்பர் குழாய்களை இழுத்துக்கொண்டு சுற்றினோம். குழாயின் முனையில் கடல்புழு ஒன்றைக் கோத்து மெதுவாக இழுப்பது இந்தத் துறைமுகத்தின் பழைய முறை, நல்ல முறையும்கூட. ஆனால் நீர் அசையாமல் நின்ற நேரத்தில் எந்த முறையும் உதவாது. கிடைத்தது இரண்டே மீன். இரண்டும் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் குறைவானவை. அவற்றில் ஒன்றைத் தாடையைப் பிடித்துத் தூக்கி நான்கு பேரும் மாறி மாறிப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் போட்டோம். அது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்து போனது. கேப்டன் அந்தப் பக்கம் பார்க்காமல் என்ஜினைக் கிளப்பினார்.

அடுத்த ஆண்டு அமைந்த கேப்டன் வேறு ரகம். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு எந்தத் தேதி வேண்டும்?" என்பதல்ல. "அதிகாலை நாலரைக்குத் துறையில் நிற்க முடியுமா?" என்பது. முடியும் என்றதும் அவரே மூன்று தேதிகளைச் சொன்னார். மூன்றும் வார நாட்கள். ஏன் என்று கேட்டேன். வற்றம், அதாவது கடல் நீர் இறங்கும் நேரம், சரியாக இருக்கும் என்றார்.

இந்த ஒரு விஷயம் புரிய எனக்கு இரண்டு பயணம் ஆனது. பாஸ்டனில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல் மட்டம் சுமார் மூன்று மீட்டர் மாறுகிறது. அவ்வளவு நீரும் தீவுகளுக்கு நடுவிலுள்ள சந்துகள் வழியே ஆறு மணி நேரத்தில் வெளியேற வேண்டும். அந்த ஓட்டத்தில் சின்ன மீன்கள் அடித்துக்கொண்டு வரும். ஸ்ட்ரைப்பர் பாறையின் மறைவில் நின்றுகொண்டு வாயைத் திறந்தால் போதும். ஆகவே விடியும் நேரமும் நீர் வேகமாக வற்றும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும். இந்த ஊரில் அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி உச்சத்துக்கு வருகிறது. அதன்பின் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கணக்குப் போட்டால், சதுர்த்தி, பஞ்சமி வாக்கில் இரவு இரண்டு மூன்று மணிக்கு ஏற்றம் முடிந்து, ஐந்து மணிக்கு வற்றம் நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அம்மா ஆண்டுதோறும் அனுப்பும் தினசரிக் காலண்டர் சமையலறையில் தொங்குகிறது. ராகுகாலம் பார்க்காத நான் ஜூன், ஜூலைத் தாள்களில் திதி பார்த்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க ஓத அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பது உண்மைதான். காலண்டரைக் கிழிக்கும்போது வரும் சுகம் அதில் இல்லை.

நல்ல பயணம் என்றால் எப்படி இருக்கும்? ஜூன் கடைசியில் பாஸ்டனில் ஐந்தே காலுக்கு முன்பே சூரியன் வந்துவிடும். நாலரைக்குப் புறப்பட்டால் டீர் தீவைக் கடக்கும்போது வெளுக்கத் தொடங்கியிருக்கும். அங்கே கழிவுநீர் நிலையத்தின் பன்னிரண்டு ராட்சத முட்டைகள் வரிசையாக நிற்கின்றன. கழிவைச் செரிக்கவைக்கும் கொப்பரைகள் அவை. இந்தத் துறைமுகம் ஒருகாலத்தில் நாடறிந்த சாக்கடை. சுத்திகரித்த நீரை 15 கிலோமீட்டர் தள்ளி விரிகுடாவில் விடும் சுரங்கக் குழாய் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இன்று நான் ஸ்ட்ரைப்பர் பிடிக்கும் நீர் இப்படி மீண்ட நீர். அந்த முட்டைகளைக் கடக்கும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு வணக்கம் போட்டுக்கொள்வேன்.

முதல் வேலை இரை பிடிப்பது. 1716இல் தொடங்கிய பாஸ்டன் கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் படகை நிறுத்தி, ஐந்தாறு சின்ன முட்கள் கோத்த தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, இறக்கினால் அட்லாண்டிக் கானாங்கெளுத்தி கொத்தாக ஏறும். நம் கானாங்கெளுத்தியைவிட ஒல்லி, முதுகில் புலிக்கோடு. பிடிக்கப் பிடிக்க நீர் சுழலும் தொட்டியில் உயிரோடு போட்டுக்கொள்வார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த அரை மணி நேரமே போதும். என் மகள் ஸ்ட்ரைப்பரை மறந்துவிட்டுத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பாறை ஓரம். ஒரு கானாங்கெளுத்தியின் மூக்கில் வட்டத் தூண்டில் முள்ளைக் கோத்து நீரோட்டத்தில் விடுகிறோம். ரீலைத் திறந்து வைத்து, ஓடும் நரம்பை ஒரு விரலால் மட்டும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். முதலில் இரைமீனின் வாலடிப்பு டுக் டுக்கென்று விரலில் தெரியும். திடீரென அந்தத் துடிப்பு வேகமெடுக்கும். கீழே இருப்பவனை அது பார்த்துவிட்டது என்று பொருள். அடுத்த நொடி விரலுக்கடியில் நரம்பு பறக்கும். அப்போது கோலை வெட்டி இழுக்கக் கூடாது. வட்டமுள் அப்படி வேலை செய்யாது. வெட்டினால் வாயிலிருந்து அப்படியே உருவிக்கொண்டு வந்துவிடும். மூன்று எண்ணி, ரீலை மூடி, மெதுவாகச் சுற்ற வேண்டும். முள் தானே வழுக்கி வந்து கடைவாயில் மாட்டிக்கொள்ளும். சொல்வது எளிது. நான் முதல் மூன்று மீன்களை வெட்டி இழுத்தே தொலைத்தேன். சிறுவயதில் குளத்தில் கெண்டைக்குத் தூண்டில் போட்டு வளர்ந்த கை அது, கேப்டன் கத்துவதற்குள் இழுத்துவிடும். 2021 முதல் அட்லாண்டிக் கரை நெடுக இந்த மீனுக்கு இரை போட்டுப் பிடிப்பவர்கள் வட்டமுள்தான் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. காரணம் நியாயமானது. பழைய முள்ளை மீன் விழுங்கினால் குடலில் மாட்டும், விட்டாலும் பிழைக்காது.

அளவு விதி அதைவிடக் கடுமையானது. ஆளுக்கு நாளுக்கு ஒரு மீன். அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 31 அங்குலத்தைத் தொடக் கூடாது. நான் தொடங்கியபோது மேல் வரம்பே கிடையாது. 2020இல் 35 ஆக்கினார்கள், 2023 மே மாதம் அவசர விதியாக 31க்கு இறக்கினார்கள். 2015இல் பிறந்த பெருங்கூட்டம் ஒன்று அப்போது பிடிபடும் அளவுக்கு வளர்ந்திருந்தது, அதைக் காப்பாற்றத்தான் இது. செசபீக்கில் 2019 முதல் குஞ்சுகளின் எண்ணிக்கை மோசமாக இருக்கிறது. மூன்று அங்குல இடைவெளி என்றால் என்னவென்று படகில்தான் தெரியும். வாலை இரு விரலால் குவித்துப் பிடித்து அளக்க வேண்டும், குவித்தால் நீளம் கூடும். முப்பது என்று நினைத்த மீன் முப்பத்தொன்றரைக்குப் போய்விடும்.

2023 ஜூலையில் தூத்துக்குடியிலிருந்து மாமனார் வந்திருந்தார். அவரையும் அழைத்துப் போனேன். அன்று அவருடைய தூண்டிலில் 38 அங்குல மீன் விழுந்தது. பத்து நிமிடம் மனிதர் படகைச் சுற்றி ஓடினார், தொப்பி கடலில் போய்விட்டது. மீனைப் படகோரம் கொண்டுவந்ததும் கேப்டன் குனிந்து, தண்ணீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி, தாடையைப் பிடித்து நீரோட்டத்துக்கு எதிரே நிறுத்தி வைத்தார். செவுள் இரண்டு முறை விரிந்து மூடியது. வாலைச் சுழற்றி அவர் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டு மீன் இறங்கிப் போனது. கேப்டன் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, பிடித்த மீனை விடுவதற்கா எழுநூறு டாலர் கொடுத்தீர்கள்?"

விதியை விளக்கினேன். பெரிய மீன்கள் பெண்கள், முட்டையிடுபவை என்றேன். தலையாட்டிவிட்டு, "அது சரி. நம் ஊரிலும் முட்டை வைக்கும் காலத்தில் விசைப்படகு போகாது. ஆனால் அதற்குக் காசு வாங்குவதில்லை" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் தரப்பில் ஒன்று சொல்லலாம். விடப்படும் மீன்களில் நூற்றுக்கு ஒன்பது செத்துப்போகிறது என்பது நிர்வாகக் கணக்கில் பயன்படும் மதிப்பீடு. நீர் சூடாக இருந்தால், சண்டை நீண்டால், வெளியே வைத்துப் படம் பிடித்தால் அது கூடும். அதனால்தான் ஆகஸ்டில் போவதை நான் நிறுத்திவிட்டேன். ஆழமற்ற பகுதியில் நீர் 70 பாரன்ஹீட்டைத் தொடும் வாரங்களில் ஸ்ட்ரைப்பர் குளிர்ந்த ஆழத்துக்கு நகர்ந்துவிடும். பிடிபடுவதும் சோர்ந்துதான் வரும். ஆகஸ்ட் நண்பகலில் உற்சாகமாக முன்பதிவு வாங்கும் கேப்டனைவிட, "செப்டம்பரில் வாருங்கள்" என்று சொல்பவரை நம்பலாம். முன்பதிவுக்கு முன் நான் கேட்பது இரண்டே கேள்வி: உயிர் இரையை நீங்களே பிடிப்பீர்களா, பெரிய மீனை எங்கே வைத்து முள் கழற்றுவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு ஒருவர், "நல்ல படம் எடுத்துத் தருவோம்" என்று பதில் சொன்னார். அழைப்பை முடித்துக்கொண்டேன்.

வேறு இடங்களிலும் முயன்றிருக்கிறேன். வடக்கே மெரிமாக் ஆற்று முகத்துவாரம் மீனுக்கு அருமை, ஆனால் ஜூலை நடுவில் சதுப்பிலிருந்து கிளம்பும் பச்சைக்கண் ஈக்கள் சட்டையைத் தாண்டிக் கடிக்கும். தெற்கே மோனமாய் மணல்திட்டுகளில் கண்ணாடி நீரில் மீனைப் பார்த்தே வீசலாம். மிக அழகு. எனக்கு ஒரு மீன்கூட விழவில்லை, என் வீச்சின் குறை அது. விமான நிலையத்தை ஒட்டிய சேற்றுத் திட்டுகளும் நல்ல இடம்தான், தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச முடியாது, அவ்வளவுதான்.

பணம். அரை நாள், அதாவது நான்கு மணி நேரம், 2018இல் 500 டாலர் கொடுத்தேன், சென்ற கோடையில் 750. அதன்மேல் அன்பளிப்பு இருபது சதவிகிதம். அது எழுதப்படாத விதி, தவிர்க்க முடியாது. கோல், இரை, ஐஸ் எல்லாம் இதற்குள் அடக்கம். மாநில மீன்பிடி அனுமதியும் படகின் பெயரிலேயே இருப்பதால் நாம் தனியே எடுக்க வேண்டியதில்லை. ஆறு பேர் வரை ஏற்றுவார்கள். நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள், தங்கூசிகள் பின்னிக்கொள்ளும். மேல்சட்டை கட்டாயம். ஜூலை என்று நம்பி அரைக்கைச் சட்டையில் போய் மூடுபனியில் பல்லடித்து உட்கார்ந்திருந்த அனுபவம் எனக்கு உண்டு.

கடைசியாகச் சமையல். திரும்பியதும் துறையிலேயே கேப்டன் மீனை அறுத்துத் துண்டமாக்கித் தருவார். தலையையும் நடுமுள்ளையும் பறவைகளுக்கு வீசுவது அவர்கள் வழக்கம். முதல் முறை நான் பதறிக் கையைப் பிடித்தேன். இப்போது சொல்லாமலே தலையைத் தனிப் பையில் போட்டுத் தருகிறார், என்ன செய்கிறேன் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்பார். சதை கொடுவாய்க்கு நெருக்கம், அதைவிடக் கொஞ்சம் கெட்டி. பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையைச் சீவி எடுத்துவிடுங்கள், கவுச்சி அதில்தான். பாதரசமும் பிசிபி என்னும் நச்சும் சேரும் மீன் என்பதால் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது. வறுவலுக்கு நடுத்துண்டு. தலை புளிக்குழம்புக்கு, முதல் நாள் வைத்து மறுநாள் சாப்பிட வேண்டும். கோடைக்கு ஒரு முறை வாய்க்கிற அந்தக் குழம்புக்கு என் மகள் வைத்திருக்கும் பெயர் எழுநூறு டாலர் குழம்பு. சென்ற கோடையின் விலை அவளுக்கு இன்னும் தெரியாது.