1968 எம்ஜிபி ஜிடி: பத்தொன்பது வருடம் ஓட்டிய வண்டியை விற்கிறேன்

2006-இல் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டிலிருந்து வாங்கிய எம்ஜிபி ஜிடியை இப்போது விற்கிறேன். எனக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதித்து மலை ஏறி இறங்கினால் மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. காரணம் இதுதான், வண்டியில் குறை இருந்து விற்கவில்லை. வாங்குகிறவர் ஏமாறவும் கூடாது, வெளிநாட்டு வண்டி என்று பயந்து ஒதுங்கவும் கூடாது என்பதற்காக எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

எம்ஜி என்றதும் பலருக்கு இன்று ரோட்டில் ஓடும் ஹெக்டர்தான் ஞாபகம் வருகிறது. பெயர் ஒன்றுதான், ஆனால் இது இங்கிலாந்தில் அபிங்டன் என்ற ஊரில் செய்தது. அந்தத் தொழிற்சாலையை 1980-இல் மூடிவிட்டார்கள். எம்ஜிபி முதலில் 1962-இல் மேல்கூரை திறந்த வண்டியாக வந்தது, 1965-இல் இத்தாலியின் பினின்ஃபரினா என்ற கார் டிசைன் கம்பெனி கைவைத்து மேலே இரும்புக் கூரையும் பின்னால் தூக்கித் திறக்கும் கதவும் கொடுத்ததுதான் ஜிடி. நீண்ட தூரம் வேகமாகவும் அலுப்பில்லாமலும் போவதற்கான வண்டி என்பதுதான் அந்த இரண்டு எழுத்துக்கு அர்த்தம். 1798 சிசி, நான்கு சிலிண்டர், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், 95 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் பெரிய எண் இல்லை, ஆனால் வண்டியின் எடையே சுமார் 1,100 கிலோதான்.

இனி முக்கியமான விஷயம். வாங்கிய புதிதில் இதை யார் பார்ப்பார்கள் என்று தெரியாமல் மூன்று மாதம் அலைந்தேன். மெக்கானிக்குகள் பானட்டைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். கடைசியில் சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் டாக்ஸி வண்டிகள் பார்க்கிற ஒரு வயதான மேஸ்திரியிடம் போனேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், டேப்பெட் கவர் மேல் கையை வைத்தார், “ஏனுங்க தம்பி, இது நம்ம அம்பாசடர் இன்ஜின்தானுங்க, கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான்” என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. பழைய அம்பாசடரின் 1489 சிசி இன்ஜினும் இதுவும் அன்று எம்ஜியை வைத்திருந்த பிஎம்சி கம்பெனியின் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் 88.9 மில்லிமீட்டர்தான், சிலிண்டரின் அகலம் மட்டும் அதில் 73, இதில் 80 சொச்சம். கார்புரேட்டரும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, அதே 1-3-4-2. அம்பாசடர் பார்த்துப் பழகிய கைக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. பத்தொன்பது வருடமாக இது சேலத்தை விட்டு எந்தப் பெரிய ஊர் ஒர்க்‌ஷாப்புக்கும் போனதே இல்லை. மேஸ்திரி போய் ஐந்து வருடம் ஆகிறது, இப்போது அவர் மகன் பார்க்கிறார், அப்பாவின் காது அவருக்கும் இருக்கிறது.

இன்ஜின் பயமில்லை என்றேன். பயப்பட வேண்டியது பாடிக்கு. இதில் அம்பாசடர் அனுபவம் கொஞ்சமும் போதாது என்பதைப் பணம் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வண்டிக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, கதவுக்குக் கீழே ஓடும் அந்த நீளமான பெட்டிதான், அதாவது சில், வண்டியின் முதுகெலும்பு. ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் முப்பது வருடத்துக்கு மேல் நின்ற வண்டி, உள்ளே துரு தின்றிருந்தது. முதலில் கொடுத்த டிங்கரிங் கடையில் துருவை வெட்டி எடுக்காமல் மேலேயே பட்டி போட்டு பெயின்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்துவிட்டார்கள், ஒரே மழைக்காலத்தில் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பியது. மனசு விட்டுப்போனது. 2008-இல் எல்லாவற்றையும் பிரித்து, லாரி பாடி கட்டிப் பழகிய ஒருவரிடம் கொடுத்து, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த சில் தகடுகளை இரண்டு பக்கமும் உள், நடு, வெளி என்று மூன்று அடுக்கும் மாற்றி வெல்டிங் செய்தோம். ஏழு மாதம் ஆனது. வண்டி வளைந்துவிடாமல் இருக்க வாசல் நடுவே குறுக்குக் கம்பி வைத்துத்தான் வெட்டினார், அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். எந்த எம்ஜிபியைப் பார்க்கப் போனாலும் இதைச் செய்து பாருங்கள்: பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டே கதவு இடைவெளியைக் கவனியுங்கள். தூக்கத் தூக்க இடைவெளி குறுகினாலோ கதவு திறக்க முடியாமல் பிடித்தாலோ சில் போய்விட்டது என்று அர்த்தம், பேசாமல் திரும்பிவிடுங்கள். என் வண்டியிலும் செய்து பாருங்கள், ஜாக்கி நானே தருகிறேன்.

ஓட்டுவது எப்படி என்று கேட்டால், ஏற்காட்டு அடிவாரத்தில் ஆரம்பித்தால்தான் சொல்ல முடியும். கோரிமேடு தாண்டி அடிவாரம் வருவதற்குள் இன்ஜின் சூடாகியிருக்கும், முதல் வளைவிலிருந்து இரண்டாவது கியர். 3,000 ஆர்பிஎம்மிலேயே இழுவை முழுதாகக் கிடைப்பதால் விரட்டி ஏற்ற வேண்டியதில்லை, காலை லேசாக வைத்தாலே போதும், பின்னாலிருந்து யாரோ உள்ளங்கை கொடுத்துத் தள்ளுகிற மாதிரி ஏறும். மேலே பஸ் இறங்கி வந்து நாம் நின்று எடுக்க வேண்டி வந்தால் முதல் கியர். இங்கே ஒரு நல்ல விஷயம், 1967 கடைசியில் வந்த மார்க் 2-இல்தான் முதல் கியருக்கும் சிங்க்ரோமெஷ் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய வண்டியாக இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கப் பல்லோடு பல் கடிக்கும், இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள ரோட்டில் அது பெரிய தொல்லை. ஸ்டியரிங் பவர் கிடையாது, ஆனால் ரோட்டில் இருக்கும் சின்னக் கல் வரைக்கும் கையில் தெரியும். மேலே போகப் போகக் காற்று குளிர்ந்து, சில்வர் ஓக் மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் கண்ணாடியை இறக்கினால் அந்த சைலன்சர் சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வரும். எத்தனை தடவை கேட்டிருப்பேன், சலிக்கவே இல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் மேலே ஐடிலிங்கில் பெட்ரோல் கலவை கொஞ்சம் கூடிப்போகும், பிளக் கறுக்கும். ஏற்காட்டிலேயே வைத்து ஓட்டப்போகிறவர் கார்புரேட்டரை அங்கே வைத்து ட்யூன் செய்யுங்கள்.

இறங்குவதுதான் கவனம் தேவைப்படும் வேலை. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பிரேக் நன்றாகவே பிடிக்கும், ஆனால் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்கேயாவது ஒரு இடத்தில் ஒழுகினால் மொத்தமும் போகும். அதனால் வருடம் தவறாமல் பிரேக் ஆயிலை முழுதாக மாற்றிவிடுவேன், ரப்பர் ஹோஸ்களை 2021-இல் புதிதாகப் போட்டேன். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெடலில் கால் வைத்துக்கொண்டே இறங்காதீர்கள்.

சேலத்து வெயில் இந்த வண்டிக்குப் பிடிக்காது. ஏப்ரல், மே மாதத்தில் ஐந்து ரோடு சிக்னலில் இரண்டு சிவப்பு நின்றால் முள் மேலே ஏறும். ரேடியேட்டருக்குப் புது கோர் போட்டு எலக்ட்ரிக் ஃபேன் வைத்த பிறகு அந்தக் கவலை தீர்ந்தது. தீராதது இன்னொன்று: கார்புரேட்டர் நேராக மேனிஃபோல்டின் சூட்டுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால், ஓட்டி நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் ஆவியாகிப் போய் இழுக்காது. பானட்டைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போனால் சரியாகிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இது கூடியிருக்கிறது. பழைய ரப்பரையும் எத்தனால் கெடுக்கிறது. 2023-இல் ஒரு நாள் பதினான்காவது வளைவில் பெட்ரோல் வாசம் தூக்கியடிக்க, இறங்கிப் பார்த்தால் கார்புரேட்டருக்கு வரும் ஹோஸ் மெத்தென்று ஊறி விரிந்து சொட்டிக்கொண்டிருந்தது, கீழே கொதிக்கும் மேனிஃபோல்டு. இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. அதன் பிறகு டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸும், ஃப்ளோட் ஊசியும், எத்தனால் தாங்கும் வகையில் மாற்றியாகிவிட்டது. சாவி திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் டக் டக் என்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது அல்லது டேங்க் காலி, ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஈயம் இல்லாத பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீட் இறக்கி ஹெட் வேலை 2010-இலேயே முடித்துவிட்டேன்.

ஹைவேயில் இது வேறு வண்டி. தொப்பூர் இறங்கி ஏறி கிருஷ்ணகிரி வழியாக பெங்களூருக்குப் பலமுறை போயிருக்கிறேன். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் கியரின் சுவிட்சைத் தட்டினால் கிளட்ச் மிதிக்காமலே ஆர்பிஎம் இறங்கும், 90 கிலோமீட்டர் வேகத்தில் 3,100 காட்டிக்கொண்டிருந்த முள் 2,600-க்கு வந்து அமைதியாகிவிடும். லிட்டருக்குப் பத்து, பதினொன்று கிடைக்கும், மலையில் எட்டுதான். பின் சீட்டைப் பெரியவர்களுக்கு என்று நினைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்குத்தான் சரிவரும். அதை மடித்துப் போட்டால் பின்னால் நல்ல இடம், மே மாதத்தில் ஆறு பெட்டி சேலம் குண்டு மாம்பழம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன், உள்ளே ஒரு மாதம் வாசம் போகவில்லை.

ஸ்போக் சக்கரம் பார்க்க அழகு, பராமரிக்கப் பொறுமை வேண்டும். வருடம் ஒருமுறை கழற்றி உள்பல்லில் கிரீஸ் வைக்க வேண்டும், கிளம்பும்போது டொக் என்று சத்தம் வந்தால் பல் தேய்கிறது. முன் சக்கரம் திரும்புகிற அச்சான கிங்பின்னுக்கு 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கிரீஸ் கன் காட்டுவேன், புத்தகத்தில் இன்னும் அதிகம் போகலாம் என்று இருக்கும், நம் ரோட்டுக்கு வேண்டாம். ஸ்பீடு பிரேக்கரில் சைலன்சர் தட்டும், சாய்வாக ஏற்றி இறக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளை எடுத்துவிட்டு ஒரே 12 வோல்ட் வைத்திருக்கிறேன். ஆயில் பிரஷர் நல்ல சூட்டில் ஓடும்போது 60 பிஎஸ்ஐ, ஐடிலில் 20.

பேப்பர் விஷயம். ஆர்சி என் பெயரில், நான் இரண்டாவது ஓனர், புதுப்பித்தல் நடப்பில் இருக்கிறது. ஆனால் 20 வருடம் தாண்டிய இறக்குமதி நான்கு சக்கர வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 80,000 ரூபாய், அதையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டி என்பதால் 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு 20,000 ரூபாய். நான் மாற்றவில்லை. அந்தப் பதிவில் கண்காட்சிக்கும் ராலிக்கும் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும்தான் ரோட்டில் இறக்கலாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏற்காடு போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வர முடியாது. அந்த ஓட்டம்தான் இந்த வண்டியைக் கெடாமல் வைத்திருக்கிறது என்பது என் அனுபவம். 2015-இல் எனக்கு உடம்பு சரியில்லாமல் எட்டு மாதம் நின்றது, அந்த ஒரு தடவைதான் பிரேக் சிலிண்டர் பிடித்து, கிளட்ச் ஒட்டி, கார்புரேட்டர் அடைத்து, எல்லாம் சேர்ந்து வந்தது.

வண்டியோடு ஸ்போக் சக்கரத்து நட்டைத் தட்டிக் கழற்றும் செப்பு சுத்தியல், மூன்று செட் கேஸ்கட், ஒரு ஸ்பேர் வாட்டர் பம்ப், 2006 முதல் எழுதிவந்த நோட்டுப் புத்தகம் இரண்டு, எல்லாம் தருகிறேன். விலை நேரில். பார்க்க வருகிறவர்கள் காலை 6 மணிக்கு வந்துவிடுங்கள், நான் அதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்க மாட்டேன். பானட்டில் கை வைத்து, சில்லென்று இருப்பதைப் பார்த்துவிட்டு, சோக்கை இழுத்து நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். மேலே போகும்போது நான் ஓட்டுகிறேன், இறங்கும்போது நீங்கள்.