மிசிசிப்பி ஜான் ஹர்ட்: பத்து வருஷம் கேட்டபிறகு

முதல் தடவை கேட்டபோது ஜான் ஹர்ட் என்ற இந்த அமெரிக்க ப்ளூஸ் பாடகரை எனக்குப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். பத்து வருஷத்துக்கு முன்னால் நண்பர் ஒருவர் ஒரு பென் டிரைவ் நிறையப் பழைய ப்ளூஸ் பாட்டுகளை (அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாட்டுப்புறப் பாட்டு வகை) போட்டுக் கொடுத்தார். சன் ஹவுஸ் என்ற மிசிசிப்பிப் பாடகர் கிட்டார் கம்பியை அறுத்துவிடுவது போல இழுத்து வாசித்து அடிவயிற்றிலிருந்து பாடுவதைக் கேட்டு நான் சொக்கிப்போயிருந்த நேரம். மிசிசிப்பிக்காரர் என்றாலே அப்படித்தான் இருப்பார் என்று நினைத்து ஜான் ஹர்ட்டைப் போட்டால், பக்கத்து வீட்டுத் தாத்தா மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்து தனக்குத்தானே பாடிக்கொள்வது மாதிரி ஒரு குரல். இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டேன். ஃபோல்டரை அழிக்காமல் விட்டதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், போன் தானாக அந்த ஃபோல்டருக்குத் தாவி 'லூயிஸ் காலின்ஸ்' ஓட ஆரம்பித்தது. கையெல்லாம் சோப்பு நுரை, மாற்ற முடியவில்லை. பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, "நல்லாருக்கே, கூட இன்னொரு கிட்டார் வாசிக்கிறது யாரு?" என்றாள். கூட யாரும் இல்லை, ஒரே ஆள்தான் என்றேன். நம்பவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, கையைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து போட்டுக் கேட்டோம்.

ஒரே ஆள்தான். எல்லாம் வலது கைக் கட்டை விரல் செய்கிற வேலை. தடித்த கம்பிகளில் அது டும்-டக், டும்-டக் என்று மாறி மாறி விழுந்துகொண்டே இருக்கும், பாட்டு முடிகிறவரை நிற்காது. மேலே மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டின் மெட்டையே எடுத்து வாசிக்கும், அதுவும் தாளத்தின் மேல் விழாமல் ஒரு நூல் முன்னே பின்னே தள்ளி. ஒன்பது வயதில் கிட்டாரைக் கையில் எடுத்தவர், யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை. கட்டை விரல் வீட்டைப் பார்த்துக்கொள்ள, மற்ற விரல்கள் ஊர் சுற்றிவிட்டு வருகிற மாதிரி என்று என் மனைவி சொன்னாள். இத்தனை வருஷத்தில் நான் இதைவிட நன்றாக விளக்கியதில்லை.

இனி, எதைக் கேட்பது. இவருடைய பதிவுகள் இரண்டு காலத்தைச் சேர்ந்தவை, நடுவில் 35 வருஷம் ஒன்றுமே கிடையாது.

முதல் காலம் 1928. மிசிசிப்பி மாநிலத்தில் கேரல் கவுண்டியில் அவலான் என்ற குட்டி ஊரில் விவசாயக் கூலியாக இருந்தவர். அங்கே மேடு முடிந்து டெல்டாவின் தட்டை நிலம் தொடங்குகிறது. வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார ஃபிடில்காரரோடு சில சமயம் நடன நிகழ்ச்சிகளுக்கு வாசித்திருக்கிறார், அவர்தான் ஓகே என்ற ரெக்கார்டு கம்பெனிக்கு (ஆமாம், பேரே அதுதான்) இவரைப் பற்றிச் சொன்னது. பிப்ரவரியில் மெம்ஃபிஸில் ஒரு தடவை, டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு தடவை பதிவு நடந்தது. இன்று கேட்கக் கிடைப்பது மொத்தம் 13 பாட்டு. மெம்ஃபிஸ் பதிவைப் பற்றி அவர் பின்னாளில் சொன்னதைப் படித்த பிறகு அந்தப் பாட்டுகளை நான் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன். மைக்கை வாய்க்கு நேரே கொண்டுவந்து வைத்து, தலையை அசைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். ஒரே பயம், அப்புறம் பல நாள் கழுத்து வலி. இப்போது 'ஃபிராங்கி'யைப் போட்டுக் கேளுங்கள். கழுத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொண்டிருந்த மனிதரின் விரல்களா இவை என்று தோன்றும்.

இந்த 13 பாட்டில் ஒரு தொந்தரவு உண்டு. எல்லாம் 78 சுழற்சி அரக்குத் தட்டிலிருந்து எடுத்தவை, தட்டின் கரகரப்பு கூடவே வரும். பத்து வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது, அந்தக் கரகரப்பைத் துடைத்துச் 'சுத்தம்' செய்த பிரதிகளைத் தொடாதீர்கள் என்பதுதான். இரைச்சலோடு சேர்ந்து மெல்லிய கம்பியின் மினுக்கமும் போய்விடும், கிட்டாரைக் கம்பளியில் சுற்றி வாசித்த மாதிரி இருக்கும். இணையத்தில் இதே 13 பாட்டை வேறு வேறு அட்டை, வேறு வேறு பெயர் போட்டு எத்தனை தொகுப்பாக விற்கிறார்கள் என்று எண்ணவே முடியாது. நான் மூன்று தடவை ஒரே சரக்கை வாங்கி ஏமாந்தேன். கொஞ்சம் கரகரப்பு கேட்டால் நல்ல பிரதி என்று நம்பி எடுக்கலாம்.

ரெக்கார்டுகள் விற்கவில்லை. அடுத்த வருஷமே பொருளாதார மந்தம் வேறு. ஹர்ட் ஊருக்குத் திரும்பி வயல் வேலைக்குப் போய்விட்டார். 1952-ல் ஹாரி ஸ்மித் தொகுத்த அமெரிக்க நாட்டுப்புற இசைத் திரட்டில் இரண்டு பாட்டு சேர்ந்தது, அதைக் கேட்ட ஒரு தலைமுறை இவர் எப்போதோ இறந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டது. விலாசம் பாட்டிலேயே இருந்தது. நியூயார்க்கில் பதிவுக்குப் போன இடத்தில் ஊர் ஞாபகம் வந்து பாடிய 'அவலான் ப்ளூஸ்' அது. நியூயார்க் நல்ல ஊர்தான், ஆனால் எனக்குச் சரிவராது, அவலானுக்கே போகிறேன் என்கிற பாட்டு. 1963-ல் பழைய அட்லஸில் அவலான் இருக்கும் இடம் தெரிந்ததும், டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் நேரே போய் விசாரித்தார். ஆள் உயிரோடு, அதே ஊரில். வயது எழுபது. கையில் கிட்டார்கூட இல்லை, ஹாஸ்கின்ஸ் கொண்டுபோன கிட்டாரில்தான் வாசித்துக் காட்டினார். வாஷிங்டனுக்கு வாருங்கள் என்றதும், இவன் போலீஸ்காரனாக இருப்பானோ என்று கிழவர் பயந்தார் என்பார்கள். அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பினப் பெரியவர் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பையன் வந்து நின்றால் வேறு என்ன நினைப்பார்?

அந்த வருஷமே நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகவும் நிறையப் பாட்டுகள் பதிவு செய்தார்கள். அப்புறம் வான்கார்டு என்ற ரெக்கார்டு கம்பெனி வெளியிட்ட ஆல்பங்கள். முதலில் கேட்க எது என்று கேட்டால் என் பதில் 1966-ல் வந்த 'டுடே'. 12 பாட்டு, ஒலி துல்லியம், கரகரப்பு கிடையாது, விரல் கம்பியில் உரசுவதுகூடக் கேட்கும். அதில் 'காபி ப்ளூஸ்' என்று ஒன்று, பாடுவதற்கு முன்னால் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபியைப் பற்றி ஒரு கதை மாதிரி ஆற அமரப் பேசுவார். அந்தப் பாட்டில் வரும் சொல்லை எடுத்துத்தான் 'லவிங் ஸ்பூன்ஃபுல்' என்ற ராக் குழு தனக்குப் பெயர் வைத்தது. பாட்டில் அவர் கேட்பது காபி மட்டும்தானா என்பது வேறு விஷயம். 'கேண்டி மேன்' அதற்கும் மேல். என் மாமனார் முன்னால் நான் அதைப் போடுவேன், அவருக்கு அந்த இங்கிலீஷ் பிடிபடாது என்ற தைரியத்தில். 'டாக்கிங் கேசி'யில் கம்பி மேல் வழுக்கி வாசித்து ரயிலையே கொண்டுவந்துவிடுவார், மணி அடிக்கும், வண்டி கிளம்பும். என் பையன் நாலு வயதில் அதை 'ரயில் தாத்தா' என்றுதான் கேட்பான்.

'பெஸ்ட் ஆஃப்' என்று போட்டிருக்கும் வான்கார்டு ஆல்பத்தைத் தொகுப்பு என்று நினைத்து நான் ரொம்ப நாள் ஒதுக்கி வைத்திருந்தேன். அது தொகுப்பே இல்லை, 1965-ல் ஓபர்லின் கல்லூரியில் நடந்த கச்சேரி. கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பதும் கைதட்டுவதும், இவர் கூச்சத்தோடு நன்றி சொல்வதும் எல்லாம் இருக்கிறது. 1966-ல் பதிவாகி 1972-ல் வெளியான 'லாஸ்ட் செஷன்ஸ்' எனக்கு மழை நாளுக்கு. குரல் தளர்ந்திருக்கும், கட்டை விரல் மட்டும் தளராது. அந்த 1966 நவம்பரில் இறந்துவிட்டார். இரண்டாம் வாழ்க்கை மொத்தமே மூன்று வருஷத்துச் சொச்சம்.

1928-ஆ, 1960-களா என்று இதைக் கேட்பவர்கள் சண்டை போட்டுக்கொள்வது உண்டு. கிட்டாருக்கு 1928, குரலுக்கு 1960-கள் என்பது என் கட்சி. இளவயது ஹர்ட் பாட்டைக் கொஞ்சம் ஓட்டிக்கொண்டு போவார். 'லூயிஸ் காலின்ஸ்' இரண்டு காலத்திலும் இருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஒருவன் சுடப்பட்டுச் சாகிறான், தாய் அழுகிறாள், தேவதைகள் அவனைக் கிடத்துகிறார்கள், அவ்வளவுதான் பாட்டு. 1928 பதிவில், நடந்த செய்தியைச் சொல்கிற மாதிரி இருக்கும். எழுபது வயதில் பாடும்போது அந்தத் தாயைத் தெரிந்தவர் மாதிரி இருக்கும். உண்மையில் இவர் பாட்டில் பாதி கொலைதான். 'ஸ்டாக் ஓ லீ' 1895-ல் செயின்ட் லூயிஸில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸைச் சுட்ட சம்பவம், சண்டை ஒரு தொப்பிக்காக. 'ஃபிராங்கி'யும் அதே ஊர், 1899, துரோகம் செய்த காதலனைச் சுட்ட பெண். இத்தனை ரத்தத்தையும் குரலை ஒரு கட்டைகூட உயர்த்தாமல் சொல்லிக்கொண்டு போகிறார் என்பது எனக்கு உறைக்கவே இரண்டு வருஷம் பிடித்தது, அதுவரை நான் அவற்றைத் தாலாட்டு மாதிரி கேட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள் எனக்குக் குறையாகப் பட்டது இதுதான், இன்று இவரை விட முடியாமல் வைத்திருப்பதும் இதுதான். சன் ஹவுஸை இப்போதும் பிடிக்கும், ஆனால் வருஷத்துக்கு நாலு தடவைக்கு மேல் கேட்கத் தெம்பில்லை.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். விலை கூடிய ஹெட்ஃபோனில் கேட்டால் 1928 பதிவுகள் கரகரவென்று காதைத் துளைக்கும், அவற்றுக்குச் சின்ன ஸ்பீக்கர் போதும், அறையின் மறுமூலையில் இருந்தால் இன்னும் நல்லது. ஹெட்ஃபோன் வான்கார்டு பதிவுகளுக்கு. சத்தத்தைக் கூட்டாதீர்கள். எல்பி தட்டு ஒன்றும் வாங்கினேன், விற்றவர் வெயிலில் வைத்திருந்தாரோ என்னவோ, அப்பளம் மாதிரி வளைந்து வந்தது. திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அது இப்போது சுவரில் தொங்குகிறது.

கேட்பதோடு நிறுத்தாமல் வாசிக்கவும் ஆசைப்பட்டேன். முதலில் வாங்கிய மலிவுக் கிட்டாரில் கம்பிகள் பலகையிலிருந்து ஏகத்துக்கு உயர்ந்து நின்றன, ஒரு வாரத்தில் விரல் நுனியெல்லாம் புண். கற்றுக்கொள்ளச் சேர்ந்த கிட்டார் வகுப்பில் வாத்தியார், இதெல்லாம் பழசு, முதலில் நாலு சினிமாப் பாட்டுக்கு ஸ்ட்ரம் பண்ண (எல்லாக் கம்பியையும் சேர்த்து வருட) பழகுங்கள் என்றார். மூன்று மாதக் கட்டணம் போனதுதான் மிச்சம். வீட்டிலேயே உட்கார்ந்து, சி கார்டை (சில சுரங்கள் சேர்ந்து ஒலிக்க இடது கை விரல்களை வைக்கும் ஒரு பிடி) பிடித்துக்கொண்டு, கட்டை விரலை மட்டும் ஐந்தாம் கம்பி, நாலாம் கம்பி, ஐந்தாம் கம்பி, நாலாம் கம்பி என்று தட்டிக்கொண்டே மனைவியோடு பேசிப் பழகினேன். பேச்சு நிற்காமல் விரலும் நிற்காமல் வர ஆறு மாதம் ஆனது. இடையில், "நீ பேசறதே டும்-டக்குனு வருது" என்று திட்டு வேறு.

அவலானில் அவர் வாழ்ந்த சின்ன மரவீட்டை அவருடைய பேத்தி அருங்காட்சியகமாக வைத்திருந்தார். ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று பட்டியலில் எழுதி வைத்திருந்தேன். 2024 பிப்ரவரியில் அது தீப்பிடித்து எரிந்துபோனது. செய்தியைப் படித்த அன்று எந்தப் பாட்டும் போடத் தோன்றவில்லை, கிட்டாரை எடுத்து சும்மா கட்டை விரலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

'லூயிஸ் காலின்ஸ்' இப்போது முக்கால்வாசி வருகிறது. எஃப் கார்டுக்கு மாறும் இடத்தில் மட்டும் கட்டை விரல் ஒரு துடிப்பு தவறும், பையன் உள்ளேயிருந்து, "அப்பா, மறுபடியும் விட்டுட்டீங்க" என்பான்.