உதவிப் பேராசிரியர் வேலையா? ஒரிஜினல் சான்றிதழைக் கொடுத்துட்டு வராதீங்க

கோவை, பெருந்துறை, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கம் சுயநிதிக் கல்லூரிகளில் புதிதாகச் சேரப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஒரிஜினலைப் பிடித்துவைத்து ஆசிரியர்களை ஆட்டிவைப்பது எல்லாக் கல்லூரியிலும் இல்லை. ஆனால் இப்படி நடத்துகிற கல்லூரிகளில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

சேரும் நாளன்று ஆபீஸில் ஒரு பழுப்பு உறையை நீட்டுவார்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட் முதல் எம்.இ. பட்டம் வரை எல்லா ஒரிஜினலும் அதற்குள் போகவேண்டும். "வெரிஃபிகேஷனுக்குத்தானுங்க, ரெண்டு நாள்ல வாங்கிக்கலாம்" என்பார்கள். உறை பீரோவுக்குள் போய்விட்டால், வேலையை விடும்போது மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் வெளியே வரும். பின்னால் வருகிற எல்லாத் தொல்லைக்கும் அந்த உறைதான் பிடி.

அடுத்தது சம்பளம். ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வுக்குழுவுக்குக் காட்ட அதை உங்கள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, பேசிய 20,000 போக மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. அதற்காகவே ஏ.டி.எம். கார்டையும் கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலைகளையும் முதலிலேயே கேட்பார்கள். கொடுக்காதீங்க. வருமான வரிக் கணக்கில் முழுத்தொகையும் உங்கள் வருமானமாகத்தான் நிற்கும். கையில் வாங்காத பணத்துக்கு நீங்கள் பதில் சொல்லவேண்டி வரும்.

பி.எஃப். பிடித்தால் மாதாமாதம் பாஸ்புக்கைப் பாருங்கள். உங்கள் பங்கு 12 சதவீதம், நிர்வாகத்தின் பங்கும் 12. நீங்கள் ஓய்வூதியத் திட்டத்திலும் இருந்தால் நிர்வாகப் பங்கில் ஒரு பகுதி அதற்குப் போகும், மீதி உங்கள் கணக்கில் சேரும். சம்பளத்தில் பிடித்த தொகை பாஸ்புக்கில் ஏறவில்லை என்றால், அந்த மாதமே சம்பளச் சீட்டோடு பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். சம்பளச் சீட்டே தராத இடம் என்றால் அங்கேயே சுதாரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கோடையில் அட்மிஷன் டார்கெட். அந்தியூர், கோபி, தாராபுரம் என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீடுகளுக்கு அனுப்புவார்கள். ஆள் சேராவிட்டால் மே மாதச் சம்பளம் நிற்கும். நியமன ஆணையில் "நிர்வாகம் சொல்லும் இதர பணிகள்" என்ற வரி இருந்தால், அது என்னென்ன என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

ஒரிஜினலைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் அன்று நீங்களே கொண்டு போங்கள். ஜெராக்ஸின் குறுக்கே கல்லூரியின் பெயரும் தேதியும் எழுதிக் கொடுங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டு வந்தது. 224 கல்லூரிகளில் 353 பேர். விட்டுப்போன கல்லூரியில் உங்கள் பெயர் ஓடிக்கொண்டிருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான். விடுவிப்பு ஆணை வாங்காமல் நகராதீங்க.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? எந்தெந்தச் சான்றிதழ், என்ன எண் என்று பட்டியல் போட்டு, திருப்பித் தரச்சொல்லி முதல்வருக்கு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கான ரசீதை வைத்திருங்கள். சான்றிதழ் அடகுப் பொருளல்ல, அதைப் பிடித்துவைக்க நிர்வாகத்துக்கு உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவசரத்தில் "தொலைந்துவிட்டது" என்று போலீஸில் எழுதிக் கொடுத்து நகல் சான்றிதழ் வாங்கப் பார்க்காதீங்க. சான்றிதழ் கல்லூரி பீரோவில் இருக்கும்போது அது பொய்ப் புகார்; வழக்கு உங்கள் மேலேயே திரும்பும்.