புரொஜெக்டர் கேபின் கண்ணாடி வாங்கப் போறீங்கன்னா சைஸை நீங்களே அளந்துட்டுப் போங்க

எங்க சிங்கிள் ஸ்கிரீன் தியேட்டர் கேபின்ல புரொஜெக்டர் வெளிச்சம் ஹாலுக்குள்ள போற ஜன்னலோட பழைய கண்ணாடிய கழட்டிட்டு, ரெண்டு பக்கமும் ஏஆர் கோட்டிங் (வெளிச்சம் திரும்பி அடிக்காம தடுக்குற பூச்சு) போட்ட ஆப்டிகல் கிளாஸ் மாட்டியாச்சு. கண்ணாடிக்கு 5க்கு நாலரை குடுப்பேன், வித்தவருக்கு 3 தான். கடை பேர் போடல, கடைசில சரி பண்ணிக் குடுத்துட்டாங்க, அதனால விடுங்க.

முதல்ல சைஸ் கதை. போன் பண்ணி கேட்டா “12க்கு 12 இன்ச் எடுங்க சார், எல்லா தியேட்டருக்கும் அதான் போகுது”ன்னு சொன்னாங்க. த்ரோ (லென்ஸ்ல இருந்து ஸ்கிரீன் வரைக்கும் தூரம்) எவ்ளோ, ஸ்கிரீன் எவ்ளோ அகலம், லென்ஸுக்கும் சுவருக்கும் எவ்ளோ கேப், ஒண்ணுமே கேக்கல! நம்ம ஸ்கிரீன் 40 அடி, த்ரோ 90 அடி, லென்ஸ்ல இருந்து கண்ணாடி ஒண்ணரை அடி. அப்போ 40ஐ ஒண்ணரையால பெருக்கி 90ஆல வகுத்தா முக்கால் அடிக்கு கொஞ்சம் கம்மி, அதாவது 8 இன்ச், அதோட லென்ஸ் வாய் ஒரு 4 இன்ச், கூட்டுனா கண்ணாடில விழற பீம் (வெளிச்சக் கற்றை) அகலமே 12 இன்ச் வந்துடுது. 12 இன்ச் கண்ணாடிய ஃபிரேம்ல மாட்டி பீடிங் (ஓரப் பட்டை) வச்சா உள்ள மிச்சம் என்ன இருக்கும்? உயரம் ஸ்கோப்புக்கு (ரொம்ப அகலமான சினிமாஸ்கோப் படம்) ஏழரை இன்ச் கூட வராது, அங்க 12 தாராளம். நாலா பக்கமும் ரெண்டு இன்ச் மார்ஜின் விட்டு 16க்கு 12 ஆர்டர் பண்ணோம். உங்க ஸ்கிரீன்ல ஃபிளாட் படம் (அகலம் உயரத்தைப் போல 1.85 மடங்கு) தான் பெருசா விழும்னா அகலத்தை 1.85ஆல வகுத்து உயரத்தைக் கணக்கு போடுங்க.

இதுல மோசம் என்னன்னா, ஜன்னல் சின்னதா இருந்து பீம் ஓரத்துல இடிச்சா படம் வெட்டுன மாதிரி நேர்கோடா தெரியாது. ஜன்னல் லென்ஸுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறதால ஃபோகஸ்ல வராது, சும்மா மூலை மட்டும் லேசா மங்கும். உடனே எல்லாரும் லேம்ப் அலைன்மென்ட் சரியில்ல, லேம்ப் மணி நேரம் முடிஞ்சிருச்சுன்னு அத நோண்ட ஆரம்பிச்சுடுவாங்க. புது லேம்ப் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளை பேட்டர்ன் போட்டு, ஜன்னல்ல ஒரு சார்ட் பேப்பரைக் காட்டி பீம் எங்க விழுதுன்னு பென்சில்ல கோடு போட்டுப் பாருங்க. ஸ்கோப்புக்கு ஒரு தடவை, ஃபிளாட்டுக்கு ஒரு தடவை. ஸூம் மாறுற லென்ஸா இருந்தா கட்டாயம் ரெண்டும் பாக்கணும்.

அப்புறம் சுவர். இத யாரும் சொல்ல மாட்டாங்க. கண்ணாடி கேபின் பக்கம் இருக்கு, 9 இன்ச் செங்கல் சுவரைத் தாண்டி ஹால் பக்கம் வரும்போது பீம் இன்னும் விரிஞ்சு 16க்கு 9 இன்ச் ஆயிடும். அதுவும் கேபின் உச்சில, ஸ்கிரீன் நடு நமக்கு 15 அடி கீழ, அதனால ஹால் பக்க ஓட்டைல பீம் நாலரை இன்ச் இறங்கியிருக்கும். ஃபிலிம் காலத்துல லென்ஸ சுவரை ஒட்டி வச்சு ஓட்டுனாங்க, சின்ன ஓட்டை போதும். இப்ப அதே ஓட்டைல டிஜிட்டல் மெஷின தள்ளி வச்சா எப்படி? கொத்தனார்கிட்ட கீழ்ப்பக்கத்தையும் ரெண்டு சைடையும் சரிவா வெட்டச் சொன்னோம்.

அதுக்காக ஜன்னல பெருசா பொளந்துடாதீங்க. கேபின் ஃபேன் சத்தமும் லைட்டும் ஹாலுக்குள்ள வரும், விலையும் கண்ணாடி சைஸுக்கு ஏத்த மாதிரி ஏறும், ஏற்கெனவே சாதா கண்ணாடிக்கு பல மடங்கு.

கண்ணாடி எப்படி? சாதா கண்ணாடில ஒவ்வொரு பக்கமும் 4 சதவீதம் மாதிரி ரிஃப்ளெக்ட் ஆகி மொத்தம் 8 போகும், லேசா பச்சையும் ஏறும். ஸ்கிரீன்ல வேணுங்கறதே 14 ஃபுட் லாம்பர்ட் (ஸ்கிரீன் பிரகாசத்தோட அளவு), அதுல 8 சதவீதம்னா ஒண்ணுக்கு மேல இங்கயே காலி. இரும்பு கம்மியான வெள்ளை கிளாஸ், நல்ல கோட்டிங்னா 98 சதவீதத்துக்கு மேல வெளிச்சம் கடக்குது. மாட்டுன அன்னைக்கே வெள்ளை வெள்ளையா தெரிஞ்சுது.

ஆனா முதல்ல வந்த பீஸ் ஒரு பக்கம் மட்டும் கோட்டிங்! பில்லுல ரெண்டு பக்கம்னு போட்டுருக்கு. கண்டுபிடிக்கிறது ஈஸி, செல்போன் டார்ச்ச அடிச்சுப் பாருங்க, ரெண்டு பிம்பம் தெரியும், ரெண்டும் மங்கலா ஊதாவோ பச்சையோ இருக்கணும். ஒண்ணு பளிச்சுன்னு வெள்ளையா இருந்தா ஆள ஏமாத்துறாங்கன்னு அர்த்தம். திருப்பி அனுப்பி மாத்திக் குடுக்க நல்லா இழுத்தடிச்சாங்க, அதான் மார்க் குறைச்சேன்.

போலரைஸ்டு 3டி (ரெண்டு கண்ணுக்கும் வெளிச்சத்தை வேற வேற விதமா அதிர வச்சு பிரிக்கிறது) ஓட்டுறவங்க டெம்பர்டு கிளாஸ் (சூடு பண்ணி பலமாக்குனது) பக்கமே போகாதீங்க. அதுக்குள்ள இருக்கற ஸ்ட்ரெஸ் போலரைசேஷன கெடுத்து ரெண்டு கண்ணு படமும் கலந்து தெரியும். ரெண்டு போலராய்டு கூலிங்கிளாஸுக்கு நடுவுல கண்ணாடிய வச்சுப் பாத்தா வானவில் கலர்ல திட்டு திட்டா தெரியும், தெரிஞ்சா வாங்காதீங்க.

மாட்டும்போது சில டிகிரி சாய்வு குடுங்க, இல்லன்னா கண்ணாடில பட்ட வெளிச்சம் நேரா லென்ஸுக்கே திரும்பி வரும். புரொஜெக்டரே கீழ சாஞ்சு நிக்குதுன்னா கண்ணாடி நேரா இருந்தாலே பரவால்ல. துடைக்க லென்ஸ் கிளீனரும் மைக்ரோஃபைபர் துணியும் மட்டும் தான், நியூஸ் பேப்பர் வச்சு தேய்க்குற ஆள் உங்க கேபின்ல இருந்தா சாவிய நீங்களே வச்சுக்கோங்க.