காயமடைந்தவரின் ரத்த வாயுப் பரிசோதனை: காரக் குறைவா, லாக்டேட்டா?

விபத்தில் அடிபட்டு வருபவரின் ரத்த அழுத்தம் இயல்பாக இருந்தாலும் உள்ளே ரத்தக்கசிவு தொடரக்கூடும். குறிப்பாக இளவயதினரின் உடல் ரத்தநாளங்களைச் சுருக்கி நெடுநேரம் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் என்பதால், ரத்த வாயுப் பரிசோதனை தரும் காரக் குறைவு, லாக்டேட் என்னும் இரண்டு எண்களை மருத்துவர்கள் நாடுகிறார்கள்.

ரத்தத்தில் அமிலம் மிகுந்து காரம் எவ்வளவு குறைந்துள்ளது என்பதைச் சொல்லும் காரக் குறைவு நேரடியாக அளக்கப்படுவதன்று. பிஹெச் அளவு, கரியமில வாயுவின் அழுத்தம் ஆகியவற்றிலிருந்து கருவி கணக்கிட்டுத் தருவது. விபத்துக் காயங்களுக்கான சிகிச்சைப் பயிற்சி வழிகாட்டியான ஏடிஎல்எஸ்ஸின் 10ஆம் பதிப்பு, ரத்த இழப்பின் படிநிலைகளில் இதையும் சேர்த்தது. அதன்படி லிட்டருக்கு 6 மில்லிமோலைத் தாண்டினால் ரத்தம் ஏற்றும் தேவை எழுகிறது. ஆனால் சலைனை லிட்டர் கணக்கில் ஏற்றிய பிறகு குளோரைடு மிகுந்துவிடுவதால், திசுக்கள் தேறிவரும் நேரத்திலும் இந்த எண் மோசமாகவே காட்டும்.

ஆக்சிஜன் போதாத திசுக்களில் உருவாகி ரத்தத்தில் சேரும் லாக்டேட்டையும் வலிப்பு, அட்ரினலின், கல்லீரல் நோய் ஆகியவை உயர்த்திவிடும். எனினும் அதன் பலம் முதல் அளவில் மட்டும் இல்லை, அது இறங்கும் வேகத்திலும் இருக்கிறது. 76 நோயாளிகளைப் பற்றி 1993இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் லாக்டேட் 2 மில்லிமோலுக்கு இறங்கிய 27 பேரும் பிழைத்தனர். 48 மணி நேரம் கடந்தும் இறங்காத 22 பேரில் பிழைத்தவர்கள் 3 பேர்தான்.

ஆகவே சலைன் ஏறுவதற்கு முன் எடுக்கும் முதல் மாதிரியில் காரக் குறைவை நம்பலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்தடுத்துப் பார்ப்பதற்கு லாக்டேட்டே மேல். தலைக்காயம் மட்டும் உள்ளவரிடம் இரண்டுமே இயல்பாக இருக்கலாம். அங்கே சுயநினைவின் அளவும் சி.டி. ஸ்கேனும்தான் பேச வேண்டும்.