செர்ரி எறா தொட்டிக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துல ஒன்றரை வருஷம் ஓட்டிப் பாத்தது

எங்க வீட்ல எறான்னா குழம்பு, தொக்கு, அவ்ளோதான். நான் அழகுக்கு வளக்குற குட்டி எறாவான செர்ரி எறா வாங்கிட்டு வந்து தொட்டியில விட்டப்ப அம்மா பாத்துட்டு "நெத்திலியவிட சின்னதா இருக்கு, இதுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய மோட்டாரு"ன்னு கேட்டாங்க, அன்னிக்கு அத நான் காதுல வாங்கல, ஆனா அவங்க சொன்னதுதான் சரி.

தொட்டி ஒன்றரை அடி நீளம், 45க்கு 30க்கு 30 சென்டிமீட்டர், மண்ணு கட்டையெல்லாம் போக முப்பது முப்பத்தஞ்சு லிட்டர் தண்ணி நிக்கும். செடின்னா ஜாவா மாஸ், ஜாவா ஃபெர்ன், ரெண்டு அனுபியாஸ், கொஞ்சம் கிரிப்டோ, வேற பெருசா ஒண்ணும் இல்ல. முதல்ல கடைக்காரர் பேச்சக் கேட்டு பின்னாடி தொங்கவிடுற ஹேங் ஆன் பேக் ஃபில்டர் வாங்கினேன். தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு, அதுல குறை சொல்ல முடியாது. ஒரு பெண் எறா வயித்துல முட்டையோட ஒரு மாசம் சுத்துச்சு, ஒருநாள் முட்டையக் காணோம், குட்டியும் ஒண்ணுகூட கண்ணுல படல. செர்ரி எறா குட்டி பொரிக்கும்போதே அம்மா மாதிரியே முழு உருவத்தோட வரும், ஆனா ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஃபில்டரக் கழுவலாம்னு மூடியத் திறந்தா பெட்டிக்குள்ள ஆறேழு குட்டி உசுரோட நீந்துது, தண்ணியத் தள்ளுற விசிறியான இம்பெல்லர்ல மாட்டி செத்தது எத்தனையோ தெரியாது. அன்னிக்கு ரொம்ப மனசு கஷ்டமாப் போச்சு. உறிஞ்சுற குழாய்ல நைலான் துணி கட்டிப் பாத்தேன், மாஸ் துணுக்கு ஒட்டி மூணே நாள்ல அடைச்சுக்கிச்சு. ஏற்கனவே அந்த ஃபில்டர் வச்சிருக்கவங்க அந்தக் குழாய்க்கு ஒரு ப்ரீ ஃபில்டர் ஸ்பாஞ்ச் மாட்டிக்கோங்க, அது தாங்கும். புதுசா வாங்கறவங்களுக்கு அந்த செலவே வேணாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர்ல தண்ணிக்குள்ள மோட்டார் கிடையாது. ஏர் பம்ப் காத்த அனுப்பும், குமிழி மேல ஏறும்போது தண்ணியையும் சேத்துத் தூக்கும், அந்த இடத்துக்கு சுத்தி இருக்க தண்ணி ஸ்பாஞ்ச் வழியா உள்ள போகும். இழுவை ரொம்ப மெதுவா இருக்கதால குட்டி அது மேலயே உக்காந்து மேயும், நிஜமாவே எங்க தொட்டியில குட்டிங்க அதிகமா நிக்கிற இடமே அந்த ஸ்பாஞ்ச்தான், ஏன்னா அதுல படியற வழவழப்பு படலந்தான் அதுங்களுக்கு சாப்பாடு. அம்மோனியாவ நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்குற பாக்டீரியாவும் அங்கதான் குடியிருக்கு. அது செட்டாக நாலுல இருந்து ஆறு வாரம் ஆகும், அதுக்கு முன்னாடி எறா விடாதீங்க, தயவுசெஞ்சு.

ரெட்டை ஸ்பாஞ்ச் வச்சதா பாத்து வாங்குங்க. இந்த மாசம் ஒண்ணு அடுத்த மாசம் ஒண்ணுன்னு பிழியலாம், பாக்டீரியா மொத்தமா போகாது. பிழியறதும் தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலதான், குளோரின் போட்ட குழாய்த் தண்ணியில கழுவுனா ஒரு மாச உழைப்பு ஒரு நிமிஷத்துல போயிரும். புது ஸ்பாஞ்ச் மிதக்கும், பயப்பட வேணாம், தண்ணிக்குள்ளயே வச்சு நாலு தடவ அமுக்குனா காத்து வெளிய வந்து உக்காந்துரும்.

நம்ம கரையோரத்துல யோசிச்சு வாங்க வேண்டியது ஏர் பம்ப்தான். உப்புக்காத்துல பிளக் பின்னு பச்சை பூத்துரும், திருகாணி துருப்புடிச்சுரும், அதனால ஜன்னல் ஓரமா வைக்காதீங்க, உள்ள இருக்க ரப்பர் டயாஃப்ரம் தனியா கிடைக்கிற மாடலா பாத்து ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சுக்கோங்க. நான் முதல்ல பம்ப்ப தரையில வச்சிருந்தேன், ராத்திரி கரண்டு போனதும் ட்யூப் வழியா தண்ணி திரும்பி வந்து பம்ப்பு காலி, காலையில பாத்தா தரையெல்லாம் ஈரம். தண்ணி மட்டத்துக்கு மேல பம்ப்ப வைங்க, இல்லேன்னா இருபது முப்பது ரூபாய்க்கு செக் வால்வு கிடைக்குது, மாட்டுறதுக்கு முன்னாடி வாயால ஊதிப் பாருங்க, தொட்டிப் பக்கம் மட்டுந்தான் காத்து போகணும்.

வெயில் காலத்துல இன்னொரு விஷயம். 25 டிகிரி தண்ணியில லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில ஏழரைக்கு இறங்கிரும். மே மாசம் எங்க தொட்டி 31ஐத் தாண்டுது, அந்த நேரத்துல தண்ணிக்குள்ளயே சூடாகுற இன்டர்னல் மோட்டார் ஃபில்டர் வேண்டாத வேலை, குமிழி மேல வந்து தண்ணியக் கலக்குறதுதான் எறாவக் காப்பாத்துது. சின்ன ஃபேன் ஒண்ணு மேல ஓடவிட்டா ரெண்டு மூணு டிகிரி குறையும், வத்துற தண்ணிக்கு ஆர்ஓ தண்ணிய ஊத்துங்க, நம்ம போர் தண்ணிய ஊத்துனா உப்பு மேல உப்பு சேரும். பாம்பன் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்திட்டாங்கன்னா நான் பேட்டரி ஏர் பம்ப்ப சார்ஜ் போட்டு வச்சிருவேன், கரண்டு போனா தானா ஓடும்.

குறையும் சொல்லணும். ஸ்பாஞ்ச் பாக்க அழகா இருக்காது, நான் முன்னாடி ஒரு கட்டைய வச்சு ஜாவா ஃபெர்ன் கட்டி மறைச்சிருக்கேன். குமிழி சத்தம் வரும், ட்யூப் நுனியில குமிழியப் பொடியாக்குற சின்னக் கல்லு, ஏர் ஸ்டோன், சேத்தா பாதி அடங்கும். சிஓ2 சிலிண்டர் வச்சு தரையெல்லாம் புல்லு மாதிரி செடி வளக்குறவங்களுக்கு இது ஒத்துவராது, குமிழி அந்த வாயுவ வெளிய தள்ளிரும், அவங்க தொட்டிக்கு வெளிய வைக்கிற கேனிஸ்டர் ஃபில்டர் வாங்கி அதோட உறிஞ்சுற குழாய் வாயில ஸ்பாஞ்ச் மாட்டிக்கலாம்.

ஃபில்டருக்குள்ள பவளக்கல்லு போடச் சொல்லி சிலர் சொல்றாங்க. மன்னார் வளைகுடா 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, பவளத்த எடுக்குறது குத்தம், அதுபோக நம்மூரு தண்ணியே கடினம், அதுல போய் சுண்ணாம்ப ஏத்தாதீங்க.

இப்ப எங்க தொட்டியில ரெண்டாவதா ஒரு ஃபில்டர் ஓடுது. கீழக்கரையில அக்கா மகன் தொட்டி வைக்கப் போறான், ஒன்றரை மாசம் இங்க ஊறட்டும், அப்புறம் ஸ்பாஞ்ச ஈரத்தோட பையில போட்டு பஸ்ல கொண்டுபோய்க் குடுத்துரலாம்னு இருக்கேன்.