கோர்சாக் படப்பலகைகள்: ஒரு விடுதிக் காப்பாளரின் மதிப்புரை

கோவையில் ஒரு சிறு குழு வாடகைக்குத் தரும் 16 படப்பலகைகளை, கோபிச்செட்டிபாளையம் அருகே நான் காப்பாளராக இருக்கும் குழந்தைகள் இல்லத்தில் இரண்டு நாட்கள் வைத்திருந்தோம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைக் காட்டலாமா என்ற தயக்கத்துடன்தான் வரவழைத்தேன்.

1942 ஆகஸ்டில் ஏறத்தாழ 200 யூதக் குழந்தைகளைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு நாஜிகள் கொண்டுசென்றபோது, தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்து அவர்களுடனேயே சென்ற மருத்துவர் என்றுதான், போலந்தின் வார்சா நகரில் அந்தப் பிள்ளைகளின் அநாதை இல்லத்தை நடத்திய யானுஷ் கோர்சாக்கைப் பலரும் அறிவர். இந்தப் பலகைகளோ அந்தக் கடைசி நாளுக்கு ஒன்றை மட்டும் ஒதுக்கி, அவர் பிள்ளைகளை அன்றாடம் எப்படி வளர்த்தார் என்பதையே நிதானமாகச் சொல்கின்றன. பணம் கொடுத்து வரவழைக்கத் தகுதி அதனால்தான் வருகிறது.

1940 இறுதியில், யூதர்களைச் சுவரெழுப்பி அடைத்த வார்சா கெட்டோவுக்குள் இல்லம் இடம்பெயர்ந்தபோது, பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டி பறிக்கப்பட்டது. அதைத் திருப்பிக் கேட்கப்போன கோர்சாக், யூதர்கள் அணிந்தே தீரவேண்டிய கைப்பட்டை இல்லாமல் வந்தார் என்று சிறையில் அடைக்கப்பட்டார். மாதக் கடைசியில் அரிசி மூட்டையை எண்ணிப் பார்க்கும் எனக்கு அந்தப் பலகையை விட்டு நகர முடியவில்லை. பசி முற்றிய நாட்களிலும் அவர் பிள்ளைகளை விடாமல் எடைபோட்டு வந்தார். 1942 ஜூலையில் அவர்கள் தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை நடித்ததைச் சொல்லும் பலகையின் முன் பவானி ஜமக்காளத்தை விரித்து, அதில் வரும் நோயாளிச் சிறுவன் அமலின் கதையை நானே சொன்னேன்.

குறைகளும் உண்டு. எழுத்துகள் பெரியவர்களின் கண்மட்டத்தில் இருப்பதால் சிறுவர்கள் அண்ணாந்து படிக்க வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அந்த இல்லத்தைத் தாங்கி, பாலஸ்தீனத்திலிருந்து 1939இல் திரும்பிவந்து, இறுதிவரை பிள்ளைகளுடன் நின்ற ஸ்டெபானியா வில்சின்ஸ்காவுக்கு இரண்டே வரிகள் என்பது பெரிய அநியாயம். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுபவர்களை எந்த ஊரிலும் இப்படித்தான் மறக்கிறோம். கடைசிப் பலகையைப் பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு நான் காட்டவில்லை. அதைத் தனி உறையில் தந்தால் நல்லது.

பிள்ளைகளே நீதிபதிகளாக அமர்ந்து, கோர்சாக்கையும் விசாரித்த நீதிமன்றத்தைப் பற்றிய பலகையைத்தான் எங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். பலகைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "ஏனுங்கய்யா, நம்ம இல்லத்துலயும் அது மாதிரி வெச்சா, உங்களையும் கேக்கலாமுங்களா?" என்றாள். வரும் ஞாயிறன்று முதல் அமர்வு.